போடிலுக்கு மட்டும் பொருந்தும் நாற்காலி

விடிந்து வெகுநேரமாகியும் போடில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூக்கமா? அதெல்லாம் ஒன்றுமில்லை. டென்மார்க்கில் எங்கள் பக்கத்து ஊர்களில், கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிற காலையில் தம்பதி தூங்குவதுபோல் நடித்தாக வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே நாங்கள் அக்கம்பக்கத்தார் கூடி, வாசல் நிலையைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, உச்சியில் வெள்ளித்தாளால் இருபத்தைந்து என்று ஒட்டிவிட்டோம். ஆணி அடித்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. வீட்டுக்காரர்களுக்கு மட்டும் கேட்கவில்லையாம்! காலை ஏழு மணிக்கு நாங்கள் பாடி எழுப்ப, அவர்கள் திடுக்கிட்டு எழுந்து வரவேண்டும்.

போடிலின் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி தயாராக இருந்தது. காபி குடித்துக் கூட்டம் கலைந்ததும் மகள் மைக்கனின் காரில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். திரும்பி வருகிற எண்ணமே இல்லை. விஷயம் மைக்கனுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் புருஷன் வில்லாட்ஸும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

இத்தனைக்கும் வில்லாட்ஸ் குடிகாரனில்லை, கை நீட்டுகிறவனுமில்லை. கைராசிக்காரத் தச்சன் என்று பேரெடுத்தவன். போடிலுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவன் அவளைப் பார்ப்பதில்லை. அவள் பேச ஆரம்பித்தால் போதும், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான்.

அவளோ எதையும் கண்ணாலேயே நினைக்கிறவள். பத்து வருடத்துக்கு முன் யார் கல்யாணத்தில் யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டால் இப்போதும் வரைந்து காட்டுவாள். தலைநகரத்து ஓவியப் பள்ளியில் இடம் கிடைத்த வருடம்தான் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். பள்ளி வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டு ஆறு வருடம் அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள். அவள் தூரிகை கடைசியாகத் தொட்டது சமையலறை அலமாரிக் கதவுகளைத்தான். ஒரு மாதம் உட்கார்ந்து அவற்றில் பூவும் கொடியுமாக வரைந்தாள். வில்லாட்ஸ் வந்து அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா வழவழன்னு இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அவள் எவ்வளவு அழுதாள் தெரியுமா!

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளால் இந்த வசந்தத்தில் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. இடுப்பில் அறுவை சிகிச்சை செய்து மூன்று வாரம் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவன் வந்தது நான்கே தடவை. வீடு திரும்பிய அன்று, மனம் கேட்காமல் கேட்டாள்.

"நான் அங்க இருந்தப்ப என் முகம் உனக்கு ஞாபகம் வந்துச்சா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னான். "இல்ல போடில். வரல."

வேறு எவனாக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பான். இவனுக்கு அது வராது. பற்றாக்குறைக்கு நாத்தனார் தோரா வேறு. விதவையானபின் ஒரு மாதம் தங்கிப்போக வந்து ஒன்பது வருடமாக மாடியில் இருப்பவள். நீ இல்லாத மூணு வாரமும் அவன் பட்டறையில விசிலடிச்சுக்கிட்டுல்ல கிடந்தான் என்று வத்தி வைத்தாள். அன்றே போடிலுக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஏழு மணிக்குப் பாடினோம். இருவரும் இரவு அங்கியோடு வளைவுக்குக் கீழே வந்து நின்று, ஆச்சரியப்படுவதுபோல் ஆச்சரியப்பட்டார்கள். முற்றத்தில் கொடி ஏற்றினோம். ரொட்டி, பாலாடைக்கட்டி, காபி, ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் கசப்பு மது எல்லாம் ஆயிற்று. இனி புருஷன்காரன் மனைவியைப் பற்றி நாலு வார்த்தை பேசவேண்டும். வில்லாட்ஸ் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்காவது அவ மூஞ்சியைப் பாத்துப் பேசுடா" என்றாள் தோரா, எல்லோருக்கும் கேட்கும்படி.

அவன் நிமிர்ந்தான். போடிலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். சட்டென்று திரும்பிப் பட்டறைப் பக்கம் நடந்துவிட்டான்.

எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போடில் உள்ளே போனாள். உடை மாற்றிக்கொண்டு வந்தபோது கையில் பெட்டி இருந்தது. மைக்கன் கார்ச் சாவியை எடுத்தாள். ஊரார் முன்னால் இதைவிட என்ன ஆகவேண்டும்?

அப்போது வில்லாட்ஸ் வந்தான், ஒரு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு. வளைவுக்கு நேர் கீழே அதை இறக்கினான். பார்க்கச் சகிக்காத நாற்காலி. ஒரு கை உயரம், ஒரு கை தாழ்வு. இருக்கை ஒரு பக்கம் சாய்வு. கால் வைக்கிற பலகைகூடக் கோணல்.

தோரா சிரித்துவிட்டாள். "தச்சன் வீட்டு லட்சணத்தைப் பாருங்க. ஒண்ணாவது நேரா இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே தானே போய் உட்கார்ந்து பார்த்தாள். இடுப்பு ஒரு பக்கம் வழுக்கி, காபியை மடியில் கொட்டிக்கொண்டு எழுந்தாள்.

"போடில்... ஒரே ஒரு தடவை உக்காரு" என்றான் வில்லாட்ஸ்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். சின்ன வயதில் முறிந்துபோன இடது தோள் நோகாமல் அவள் கை, நாற்காலியின் தாழ்ந்த கைக்கட்டையில் படிந்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இரண்டு விரல்கடை தொங்குகிற இடது பாதம், பலகையில் பதிந்து நின்றது. வெட்டுப்பட்ட இடுப்பில் வலி இல்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக வலி இல்லை.

"எப்ப அளவு எடுத்த?"

"எடுக்கல. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பதான் செஞ்சேன்." அவன் பேசும்போது கண் கொடிமரத்தில் இருந்தது. "கண்ணை மூடினா எனக்கு இருட்டுதான் போடில். உன் முகம் மட்டுமில்ல, எங்க அம்மா முகமும் வராது. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சிருந்தேன். மனசுக்குள்ள பாத்தேன்னு நீங்க சொல்றதெல்லாம் சும்மா பேச்சு வழக்குன்னு நெனச்சேன். ஆனா என் கைக்கு உன்னைத் தெரியும். மொதல் மொதல்ல ஆடினோமே, அன்னைக்கு இந்தத் தோள்மேல நீ சாஞ்சது எப்படின்னு இப்பவும் தெரியும்."

"அப்புறம் ஏன் நான் பேசறப்பல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிற?"

"உன்னைப் பாத்தா பாத்துக்கிட்டே இருந்துடறேன். நீ பேசறது காதுல ஏறமாட்டேங்குது. ஒரு வார்த்தை விட்டுறக்கூடாதேன்னுதான்..." அவன் நாற்காலியின் முதுகைத் தடவினான். "நேத்து நீ பெட்டி பூட்டின சத்தம் கேட்டுச்சு. போறதுன்னா போ, தடுக்கல. இதையும் எடுத்துக்கிட்டுப் போ. வேற யாருக்கும் இது பொருந்தாது."

போடில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருபத்தைந்து வருட அழுகை. எங்களில் பாதிப் பேர் அழுதோம். தோரா வந்து பெட்டியை எடுத்தாள். "நான் சொன்னதை மனசுல வச்சுக்காத போடில்" என்று முணுமுணுத்து அதை உள்ளே கொண்டுபோனாள். மைக்கன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அழுகை என்றதும் வில்லாட்ஸ் பதறிப்போய் அவள் எதிரே மண்டியிட்டு, பொத்திய கையை விலக்கி, அவள் முகத்தையே பார்த்தான். கண்ணிமைக்காமல் பார்த்தான். அவள் ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை என்பது பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஈரக் கையால் அவன் மோவாயைப் பிடித்து, முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"அங்க பாரு. அப்பத்தான் உனக்குக் கேக்கும்" என்றாள். "நான் எங்கயும் போகல."