ஈரத் தீக்குச்சியைக் காணவில்லை

காலை 10.10. நாடகம் காணாமல் போயிருந்தது.

மேடையில் நாற்காலி காணாமல் போகும், ஒட்டுமீசை காணாமல் போகும். ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடும் முழு நாடகமே காணாமல் போனது அதுதான் முதல் தடவை. நிகழ்கலை ஆவணக் காப்பகத்தின் இரண்டாம் மாடியில், கணினித் திரைக்கு முன்னால், அதை எழுதிய அம்மாள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர். நாடகக் குழுவுக்கு இருபத்தைந்து வருடமாக விளக்கு போட்டவர்.

எதிரில் நின்றவருக்குச் சல்லடை என்று பெயர். காப்பகத்தில் பட்டியல் போடுகிறவர். ஒருமுறை ஒலிநாடாவில் கேட்ட ஒரு தும்மலை வைத்தே நாடகத்தையும் நடிகரையும் அந்த ஆண்டின் ஜலதோஷத்தையும் கண்டுபிடித்தார் என்பார்கள். தும்மியவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுதும்மா," என்றார் நாடகாசிரியை. "புது அரங்கத்து இயக்குநர் ஒருத்தர் என் 'ஈரத் தீக்குச்சி'ய வேற பேர்ல, தான் எழுதினதா சொல்லி மேடையேத்தப் போறார். இருபத்திரண்டு வருஷம் முன்னாடியே நான் போட்ட நாடகம்னு காட்ட இந்த இணையதளத்துப் பதிவு மட்டும்தான் சாட்சி. கையெழுத்துப் பிரதியக் கரையான் தின்னுடுச்சு."

"பிரதியைத் தின்ன கரையான் விமர்சனம் எதுவும் எழுதலையே?" என்று கேட்டுக்கொண்டே சல்லடை திரையைப் பார்த்தார். தேடல் பெட்டியில் இப்படி இருந்தது: *நான் இருபத்திரண்டு வருடம் முன்பு எழுதிய ஈரத் தீக்குச்சி நாடகத்தின் பதிவு எங்கே போயிற்று.*

"அக்கா, இது தேடல் பெட்டி. புகார்ப் பெட்டி இல்ல. ஒத்த வார்த்தை போதும்."

10.25. 'தீக்குச்சி' என்று மட்டும் தட்டினார். பதினான்கு பதிவுகள். பதின்மூன்று, தீயணைப்புத் துறையின் விழிப்புணர்வு நடனங்கள். பதினான்காவதில் ஒருவர் தீக்குச்சியாகவே வேடமிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறார். நம் நாடகம் இல்லை.

நாடகாசிரியையின் பெயரைப் போட்டார். மற்ற பத்து நாடகங்கள் வந்தன. விளக்குக்காரரின் பெயரைப் போட்டார். அதிலும் இல்லை.

"யாரோ சுத்தமா தொடைச்சிருக்காங்க," என்றார் விளக்குக்காரர். "என்ன நாடகம் அது! பதினோரு விளக்கு கட்டி, மேடையில மழையே பேஞ்ச மாதிரி காட்டினேன். முன்வரிசையில ரெண்டு பேர் குடை விரிச்சாங்க. எல்லாம் போச்சு. வா, வீட்டுக்குப் போகலாம்."

"இருங்க அண்ணே. அரங்கத்தை வெச்சுத் தேடலாமா?"

"அந்த அரங்கம் இப்ப மெத்தைக் கடை," என்றார் நாடகாசிரியை. "பேரு மூணு தடவை மாறிடுச்சு."

சல்லடை ஆண்டை மட்டும் வடிகட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு. பெருமூச்சு விட்டார். பிறகு சட்டென்று கேட்டார்.

"அக்கா, அந்த நாடகத்துக்குத் துணி தைச்சது யாரு?"

"நம்ம தையல்காரம்மா. ஏன்?"

"அழிக்கிறவங்க பெரிய பேரத்தான் தேடி அழிப்பாங்க. காஜா எடுத்தவங்கள யாரு நினைக்கிறா? காணாமப் போனதத் தேடும்போது சின்னப் பேரத் தேடணும்."

11.05. 'பிற பங்களிப்பாளர்' என்ற கட்டத்தில் தையல்காரம்மாவின் பெயர் விழுந்தது. ஆறு பதிவுகள் வந்தன. அதே ஆண்டில் ஒன்றே ஒன்று. தலைப்பு: 'பெயரிடப்படாத நிகழ்ச்சி'. எழுதியவர்: காலி. நடித்தவர்கள்: காலி. ஒளியமைப்பு: காலி. உடை: தையல்காரம்மா.

நாடகாசிரியை திரையைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல.

"இந்தத் தளத்துக்கு எதையும் மறக்கத் தெரியாதுக்கா," என்று சல்லடை பக்கத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருந்த 'திருத்த வரலாறு' என்பதை அழுத்தினார்.

பன்னிரண்டு நாள் முன்பு, பிற்பகல் 3.40. தலைப்பு நீக்கம். எழுதியவர் பெயர் நீக்கம். நடிகர்கள் நீக்கம். ஒளியமைப்பாளர் நீக்கம். பழைய விவரங்கள் எல்லாம் பக்கத்திலேயே பத்திரமாக இருந்தன. நாலு மணிக்குச் சாட்சி தயார்.

"செஞ்சது யாரு?" என்றார் நாடகாசிரியை.

"உங்க நாடகக் குழுவோட கணக்குல இருந்து. கடவுச்சொல் யாருக்குத் தெரியும்?"

"மூணே பேருக்கு. எனக்கு, இவருக்கு, தையல்காரம்மாவுக்கு."

"பாத்தியா!" விளக்குக்காரர் எழுந்தேவிட்டார். "எல்லார் பேரும் போயிருக்கு, அவ பேரு மட்டும் இருக்கு! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கா!"

சல்லடை வரலாற்றின் கடைசி வரியைப் படித்தார். இரண்டு தடவை. பிறகு அம்மாளின் போனை வாங்கித் தையல்காரம்மாவை அழைத்தார்.

"ஒரே கேள்விதான். 'ஈரத் தீக்குச்சி'க்கு எத்தனை விளக்கு?"

"எனக்கென்னடி தெரியும்? ஊசியில நூல் கோக்கவே அங்க வெளிச்சம் பத்தல. வை போனை, அடுப்புல பால்."

"அக்கா, நீங்க சொல்லுங்க."

"எட்டு. நோட்டீஸ்ல அப்படித்தான் அடிச்சோம். அதையும் கரையான் தின்னுறதுக்கு முன்னாடி, அதப் பாத்துத்தான் நானே இந்தப் பதிவப் போட்டேன்."

"ஆமாம். எட்டுன்னுதான் இருந்தது. அழிக்க வந்தவர் போற போக்குல அதப் பதினொண்ணுன்னு திருத்திட்டுப் போயிருக்கார்."

சல்லடை விளக்குக்காரர் பக்கம் திரும்பினார்.

"நாடகத்தையே அழிக்க வந்த ஆளுக்கு விளக்குக் கணக்கு எதுக்கு? தன் பேர எடுக்கும்போது பக்கத்துக் கட்டத்துல தப்பான எண்ணிக்கை இருந்திருக்கு. கை சும்மா இருக்கல. தொழில் சுத்தம். அண்ணே, மிச்ச மூணு விளக்கு எங்கேருந்து வந்துச்சு?"

விளக்குக்காரர் உட்கார்ந்தார். "பக்கத்து போட்டோ ஸ்டுடியோவுல. கடைசி நிமிஷத்துல. யார்கிட்டயும் சொல்லல."

"ஏங்க?" என்றார் மனைவி. விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை என்பது மூவருக்கும் புரிந்தது.

"அந்த இயக்குநர், புது அரங்கத்துக்கு என்னைத்தான் ஒளியமைப்பாளரா போடுறேன்னார். நூத்து நாப்பது விளக்கு." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "உனக்கு இன்னும் பத்து நாடகம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு, சொல்லு?"

"காலையில வண்டியில உக்கார வெச்சு நீங்கதானே இங்க கூட்டிட்டு வந்தீங்க. தேடிப் பாப்போம், கவலப்படாதேன்னு..."

"கெடைக்காதுன்னு நெனச்சேன்."

அவர் எழுந்து படியிறங்கிப் போனார்.

மதியம் 2.30. நாடகக் குழுவின் கணக்கிலிருந்தே சல்லடை பதிவைத் திரும்பக் கட்டினார். தலைப்பு வந்தது. எழுதியவர் வந்தார். நடிகர்கள் வந்தார்கள். ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

"அக்கா, ஒளியமைப்பாளர் பேரு? அவரா எடுத்ததுதான். காலியாவே விட்டுடலாம்."

நாடகாசிரியை அந்தக் காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"போடும்மா. அந்த மழையப் பாத்துத்தான் நானே அழுதேன். அவர் அழிச்சாருன்னு நானும் அழிக்கணுமா?"

அதே கட்டடத்தில் கூடிய விசாரணைக் குழுவுக்கு ஏழு நிமிடம் போதுமானதாக இருந்தது. அதில் நாலு நிமிடம் இயக்குநர் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடியது. நாடகம் அம்மாளுக்கே திரும்பியது.

4.15. வாசலில் விளக்குக்காரர் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு, பின் இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மாள் படியிறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வண்டி வெள்ளிக்கிழமை வரை அங்கேயே உறுமிக்கொண்டிருந்தது என்கிறார்கள். பெட்ரோல் வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டதாம்.