பன்னிரண்டாம் அறை ஃபோல்டர்

பழைய மருத்துவமனையின் அடித்தளத்துக்கு அவள் இறங்கியபோது பகல் ஒரு மணி. ஸ்கேன் செய்த நோயாளிக் கோப்புகளைக் கணினியில் ஒழுங்குபடுத்தும் வேலை. காவலாளி பன்னிரண்டாம் அறையைத் திறந்துவிட்டுப் போனார். ஒரு மேசை, ஒரு கணினி, ஈரச்சுவர், நாள்பட்ட மருந்து வாடை. நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் மகள் நிற்பாள். ஐந்து நிமிஷம் பிந்தினாலும் கண்ணைக் கசக்குகிற ரகம்.

முன்பு இந்த வேலையில் இருந்தவர் கட்டடத்தை அப்படியே ஃபோல்டர்களாக அடுக்கியிருந்தார். தளத்துக்குள் தாழ்வாரம், தாழ்வாரத்துக்குள் அறை, அறைக்குள் நோயாளிகள். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினால் தலை நரைத்துவிடும். கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து ஒரே வரியில் கட்டளை எழுதினாள். அடித்தளத்து அறைகள் அத்தனைக்கும் புதுப் பெயர் விழ வேண்டும். அப்படியே 'மூடியவை' என்ற ஃபோல்டருக்குள் போய் அடங்க வேண்டும்.

வழக்கமாக, எது எங்கே போகும் என்ற பட்டியலை மட்டும் முதலில் காட்டச் சொல்லிச் சரிபார்ப்பாள். இன்று அவசரம். என்டரைத் தட்டினாள்.

வரிகள் சரசரவென்று ஓடின. அறை பத்து, நகர்ந்தது. பதினொன்று, நகர்ந்தது. பன்னிரண்டு, நகர்ந்தது.

எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

மூன்றே காலுக்குப் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். தாழ்வாரம் இல்லை. எதிரே அதே மேசை, அதே கணினி, அதே ஈரச்சுவர். ஓடிப்போய் அந்த அறையின் கதவைத் திறந்தாள்.

மறுபடியும் அதே அறை.

காவலாளிக்குப் போன் போட்டாள். கதவு சிக்கிக்கொண்டிருக்கும், வந்து பார்க்கிறேன் என்றார். அவர் படியிறங்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு நின்றது.

"அண்ணே, எங்கே இருக்கீங்க?"

"பதினொண்ணு பக்கத்துலதாம்மா நிக்கிறேன். சாவி கையில இருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "கதவைத்தான் காணோம். வெறும் சுவரு."

தொடர்பு அறுந்தது.

திரைக்கு ஓடினாள். பன்னிரண்டாம் அறை ஃபோல்டரில் அவள் வந்தபோது நாற்பது நோயாளிகள். இப்போது நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று என்ற கடைசி ஃபோல்டர் அவள் என்டர் தட்டிய அதே நிமிஷத்தில் உருவாகியிருந்தது. உள்ளே, மங்கிய மையில் எழுதிய ஒரு உள்நோயாளி அனுமதிச் சீட்டு.

பெண். வயது முப்பத்திரண்டு. அழைத்துப் போக யாரும் இல்லை.

அவளுக்கும் அதே வயதுதான்.

நாற்பத்தொன்றை மட்டும் வெளியே நகர்த்தச் சொல்லித் தட்டச்சு செய்தாள். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்றது திரை. பார்த்தால் அவள் சீட்டு பதினேழாம் நோயாளியின் இடத்தில் இருந்தது. பதினேழு என்று அடித்தாள். ஐந்துக்குத் தாவியிருந்தது.

யாரோ கலைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பின்னால் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. இன்னொன்று. ஒரு இருமல்.

மணி மூன்று நாற்பது.

ஒரே வழிதான் மிச்சம். எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி. அதைப் போட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே வரும்.

அத்தனையும்.

வாசலில் தனியாக நிற்கும் மகளை நினைத்தாள். தட்டினாள்.

கதவு தானாகத் திறந்தது. தாழ்வாரம். சுவரோடு ஒட்டி நின்ற காவலாளி யார் யாருக்கோ வழிவிடுவதுபோல் இன்னும் ஒதுங்கினார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

மணி நாலு அடிக்கும்போது மகளின் கை அவள் கைக்குள் இருந்தது. பேருந்தில் ஓட்டுநரைத் தவிர ஒருவரும் இல்லை. அவள் அப்பாடா என்று ஒரு இருக்கையில் சாய்ந்தாள். மகள் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"உக்காரு கண்ணு."

மகள் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்தாள்.

"எங்கேம்மா இடம் இருக்கு?"