தைமுக்கு வந்த குரல்

2023ஆம் வருடம் எந்தப் புது இயந்திரம் வந்தாலும் இர்பித் என்ற அரபு ஊரில் அது முதலில் நிதால் மாமாவின் கடைக்குத்தான் வரும். செல்பேசி பழுது பார்க்கும் சின்னக் கடை அது. கேட்டால் கட்டுரை எழுதித் தரும் இயந்திரம், சொன்னால் படம் வரைந்து தரும் இயந்திரம் என்று தெருப் பிள்ளைகள் எல்லாவற்றையும் அங்கேதான் பார்த்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒட்டகத்தை வரையச் சொன்னார்கள். இயந்திரமும் அழகாக வரைந்தது. ஆனால் ஒட்டகத்துக்கு ஐந்து கால்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது ரஹஃப் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. அவளுடைய அப்பா அக்கபா துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். குளிர்காலத்தில் ஒருநாள் பாலைவனச் சாலையில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார்.

ஆறு வயதுத் தம்பி தைமிடம் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அப்பா அக்கபாவில் இருக்கிறார், வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லி வைத்தார்கள். தைம் விடுவானா? அப்பா பேசினால்தான் சாப்பிடுவேன் என்று அடம் பிடித்தான்.

அம்மாவின் தம்பியான நிதால் மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. அப்பா முன்பு அனுப்பிய குரல் செய்திகளை ஒரு புதிய செயலியில் போட்டார். அதன்பிறகு மாமா கடையில் உட்கார்ந்து எழுதி அனுப்பியதெல்லாம் வீட்டுச் செல்பேசியில் அப்பாவின் குரலாக ஒலித்தது.

"தைம், என் மகனே, உணவு உண்பாயாக. நான் விரைவில் வந்துவிடுவேன்."

தைம் தட்டை வழித்துச் சாப்பிட்டான். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரஹஃபுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்தக் குரல் வேண்டும்போலவும் இருந்தது, வேண்டாம்போலவும் இருந்தது.

ரமலான் முடிந்து பெருநாள் வந்தது. முந்தின நாள் மாலை வீடு முழுக்கப் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மாமூல் என்ற பலகாரத்தின் வாசனை. தைம் மட்டும் புதுச் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். ரஹஃப் குனிந்து என்ன விஷயம் என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு என் மேல கோவம்" என்றான். "இப்பல்லாம் என்னை யாபான்னே கூப்பிடறதில்ல. தைம் தைம்ங்கறார். நான் லாரி சீட்டுல பேனாவால கிறுக்கினேன்ல, அதான் வீட்டுக்கே வரமாட்டேங்கறார்."

இர்பிதில் அப்பாவை யாபா என்று கூப்பிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்பாவும் பிள்ளையை யாபா என்றுதான் கூப்பிடுவார். அம்மா மகனை அம்மா என்பாள். மாமா மருமகளையே மாமா என்பார். செல்லம் கொடுக்கும்போது அங்கே எல்லாம் தலைகீழ். அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரஹஃப் கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். வாய் திறந்தால் ஊர்ப் பேச்சு, எழுத உட்கார்ந்தால் பாடப்புத்தகப் பேச்சு. அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் அவருக்கும். ஒரு வார்த்தைதானே, இப்போதே சரிசெய்கிறேன் என்று மடமடவென்று எழுதி, அனுப்புமுன் அப்பாவின் குரலில் ஒலிக்கவிட்டார்.

"யாபா, புதுச் சட்டையப் போட்டுக்க. எனக்கு ஒரு கோவமும் இல்ல, யாபா."

ரஹஃப் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"பாத்தீங்களா மாமா" என்றாள். "அப்பா இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திரும்பிட்டேன். தைமுக்கு அதுவும் தெரியாது. அவன் எத்தனை வருஷம் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பான்?"

கடையில் தனியாக இருக்கும்போது தானும் அந்தக் குரலைப் போட்டுக் கேட்பதாக மாமா மெல்லச் சொன்னார். "அவன் சாப்பிட்டா போதும்னு நெனச்சேன், மாமா" என்று அவள் தலையைத் தடவினார். இனி அந்தச் செயலியில் எதுவும் எழுதுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, தைமிடம் நானே சொல்லட்டுமா என்று ரஹஃப் கேட்டாள். அம்மா அழுதுகொண்டே தலையசைத்தாள். ரஹஃப் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய்த் தம்பியின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"தைம், அப்பா செத்துப்போயிட்டார். லாரி கவிழ்ந்துடுச்சு. இத்தனை நாள் உன்கிட்ட பேசினது மிஷின். அப்பா உன்னை எப்படிக் கூப்பிடுவார்னு அதுக்குத் தெரியல. நீ கிறுக்கினதப் பாத்து அப்பா சிரிக்கத்தான் செஞ்சார். என் மகன் வரைஞ்ச ஒட்டகம்னு எல்லா டிரைவருக்கும் காட்டினார்."

தைம் அவளை அடித்தான். பொய் சொல்கிறாய் என்று கத்தினான். பிறகு அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மாவும் வந்து தரையில் படுத்துக் கையை உள்ளே நீட்டினாள்.

பெருநாள் காலையில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. தைமை வீட்டில் விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ரஹஃப் கேட்கவில்லை, அவனுக்குப் புதுச் சட்டையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். இறந்தவர் பெயரால் அங்கே பிள்ளைகளுக்குப் பலகாரம் கொடுப்பது வழக்கம். தைமும் முன்பின் தெரியாத ஒரு சிறுமிக்கு ஒரு மாமூல் பலகாரத்தைக் கொடுத்தான். பிறகு அப்பாவின் கல்லறைக்கு முன்னால் வந்து நின்றான்.

"நான் பேசினா அப்பா பதில் சொல்வாரா?"

"மாட்டார்" என்றாள் ரஹஃப். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆனா கோவமில்லல்ல?"

"துளிகூட இல்ல."

தைம் சற்று யோசித்தான். புதுச் சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"யாபா, எனக்கு முன்பல்லு விழுந்துடுச்சு" என்று ஆரம்பித்தான். குளிர்காலத்திலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் சொல்லி முடிக்கும்வரை வீட்டுக்குக் கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை.