கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் அந்த மருந்துப் பொடியை அவன் சர்க்கரையில் குழைத்து ஊட்டும்போதெல்லாம் அழுது வீட்டையே இரண்டாக்கும் மகள், அன்று காலை அழவில்லை. கரண்டி வந்தது, வாய் திறந்தது, மூடியது. மூன்று வயதுதான், ஆனால் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சுவிட இடம் தராத வாயாடி. "அப்பா யாரு, காட்டு" என்றான். அவள் அவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோலப் பார்த்தாள். தூக்கக் கலக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உலையில் போட்டு உருக்குவது அவன் வேலை. அங்கே பறக்கிற தூசி சாம்பல் நிறம், மாவைவிட நைசு. மூக்கில், நகக்கண்ணில், சட்டைப்பையின் மடிப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; உதட்டில் பட்டால் லேசாக இனிக்கும். வீட்டுக்குப் போகுமுன் குளிக்க ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் என்று ஆறு வருஷமாகக் கேட்டார்கள். நிர்வாகம் குழாய் போடவில்லை. மாத்திரை போடச் சொன்னது.

உடம்பில் ஏறிய ஈயத்தை மூத்திரத்தோடு இறக்கிவிடுகிற மாத்திரை. ஷிப்டுக்கு முன்னால் கேட்டில் வரிசை, ஆளுக்கு இரண்டு. விழுங்கினார்களா என்று சூப்பர்வைசர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பான். கம்பெனி டாக்டர் அதற்குக் கவசம் என்று பேர் வைத்திருந்தார். போட்டுக்கொண்டு உள்ளே போனால் ஈயம் ஒட்டாதாம். மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்து, அளவு இறங்கியிருக்கிறது என்று முதுகில் தட்டுவார். இறங்கியவன் நேரே மறுபடியும் உலைக்கு. கூட வேலை பார்க்கிற பேட்டரி உடைக்கும் அண்ணன், நம்ம மூத்திரத்தையும் பிடித்து உருக்கி விற்றுவிடுவான்கள், வெளியே போய் ஒண்ணுக்கு இருந்துவிட்டு வாங்கடா என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே விழுங்குவார்கள்.

தன் சட்டையோடு தூசி வீட்டுக்கும் போகிறது என்பது அவனுக்குத் தெரியும். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள ஆரம்பித்ததும் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு மாத்திரையை விழுங்கி, இன்னொன்றைக் கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்கி, டார்ச்சைத் தாண்டியதும் துப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் காலை பொடித்து மகளுக்குச் சர்க்கரையில் குழைப்பான். தனக்குப் பாதி கவசம், பிள்ளைக்குப் பாதி.

அன்று மதியத்துக்கு முன் உலையடியில் வயிறு முறுக்கி விழுந்தான். அண்ணன் வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அரைநாள் சம்பளம் போய்விடும் என்று திரும்பி ஓடினார். அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னான். கன்னத்தில் ஒதுக்கியதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. ஈயத்தை விட்டு விலகி வந்தவனுக்குத்தான் அது மருந்து என்றார். ஈயத்திலேயே நின்றுகொண்டு விழுங்கினால் ஒரு பக்கம் இறக்கும், மறுபக்கம் குடல் இன்னும் அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரியவனுக்கே அப்படி என்றால், தூசி படிந்த வீட்டில் தரையில் விளையாடும் பிள்ளைக்கு?

"கவசமா? கதவுங்க அது. தொறந்து விட்டிருக்கீங்க."

அவன் கை சட்டைப்பையில் கிடந்த அன்றைய மாத்திரையைத் தொட்டது.

"எத்தனை நாளா?"

"இருபத்திரண்டு நாள்."

"பாப்பா பேசறாளா?"

காலையில் பார்த்த அந்தப் பார்வை நெஞ்சில் வந்து நின்றது.

"போய்த் தூக்கிட்டு வாங்க. இப்பவே. நான் படுக்கை போட்டு வைக்கறேன்."

வீடு பத்து நிமிஷ நடை. ஓடினான். முதுகில் தட்டிய கம்பெனி டாக்டரின் அந்தச் சுத்தமான கை, சோப்பு மணக்கும் கை, அது ஒரு நாளாவது உலைப்பக்கம் வந்திருக்கிறதா? தெரிந்தே கொடுத்தான். தெரிந்தே பேர் வைத்தான். அந்தக் கையைப் பிடித்து உலைக்குள் அழுத்தவேண்டும் என்று பல்லைக் கடித்தான். ஆனால் ஊட்டியது அந்தக் கை இல்லை. ஊட்டியது இந்தக் கை.

தெரு முழுக்க வெயில். வீட்டு முன்னறையில் மனைவி தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். சுரண்டுகிற சத்தம்.

"என்னங்க, இந்நேரத்துல?" மெஷினை நிறுத்தினாள். "பாப்பா உள்ள விளையாடறா. இன்னைக்கு ஒரு தொல்லையும் இல்ல."

மெஷின் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. சரக். கொஞ்சம் இடைவெளி. சரக்.

உள்ளறை. வெயில் எட்டாத மூலை. அவன் வேலைச்சட்டை மாட்டும் ஆணி, அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குச் சாம்பல் பூத்த சுவர். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நகத்தால் ஒரு சுரண்டல். விரல் வாய்க்குள். மறுபடி சுரண்டல்.

"பாப்பா."

திரும்பவில்லை. தோளைத் தொட்டுத் திருப்பினான். உதடு சாம்பல். ஈறு நெடுக, பென்சிலால் கோடு போட்டதுபோல, கருநீலம்.

அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். "ஆஸ்பத்திரிக்கு. பின்னாடியே வா." மனைவி என்ன கேட்டாள் என்று காதில் ஏறவில்லை.

ஓடினான். தலை தோளில் துவண்டு கிடந்தது. மூச்சு வந்தது. வருகிறது. வந்தால் போதும்.

கழுத்தில் ஈரம். அழுகிறாள் என்று நினைத்தான். அழட்டும், அழுதால் நல்லது.

அழவில்லை. நாக்கு. வியர்வையில் குழைந்து கழுத்தில் வழிந்த தூசியை நக்கிக்கொண்டிருந்தாள்.

மறுதோளுக்கு மாற்றினான். அங்கேயும் நக்கினாள். கை நீட்டித் தள்ளிப் பிடித்தான். குனிந்து மணிக்கட்டை நக்கினாள். இறக்கிவிட்டால் நடக்கமாட்டாள். தூக்கினால் இவன்தான். இவன் உடம்பில் தூசி இல்லாத இடம் ஒரு விரல் அகலம் இல்லை.

அன்று முழுக்கப் பேசாத வாய் பேசியது.

"இனிக்குது."

மறுபடியும் நாக்கு.