அழைப்போர் கேட்கும் பாட்டு

பட்டாபியின் கைப்பேசியை அழைப்பவர்களுக்கு முதலில் ஒரு திருமால் துதி கேட்கிறது என்றும், இரண்டாம் அடியில் மிருதங்கம் எழவேண்டிய இடத்தில் யாரோ எலும்போடு சேர்த்து எதையோ வெட்டும் ஓசை வருகிறது என்றும் முதன்முதலில் சொன்னவர் சுவாமிதாஸ். காப்பீட்டு அலுவலகத்தில் பட்டாபிக்கு அடுத்த மேசைக்காரர். பாறசாலையிலிருந்து ரயிலில் வந்து போகிறவர்.

"என்ன சாரே, அக்ரகாரத்துல மீனு வெட்டத் தொடங்கியாச்சா? காலையில ஒம்மக் கூப்பிட்டேன். பாட்டு நல்லாத்தான் இருந்துது. பெறகு சதக்கு சதக்குன்னு ஒரே வெட்டு."

பட்டாபியும் சிரித்தார். காலர் ட்யூன் எதையும் தாம் வைத்ததே இல்லை என்றார். பிறகுதான் ஏகாதசியன்று செய்த காரியம் நினைவுக்கு வந்தது. பாசுரங்களும் தோத்திரங்களும் இலவசமாகக் கேட்கலாம் என்று ஒரு செயலியை இறக்கிக்கொண்டிருந்தார். திரையில் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று ஒளிர, அதன் கீழே எறும்பின் கால்போல் மெல்லிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அதற்கு எதிரே யாரும் இடாமலேயே சம்மதக் குறி இடப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி கையருகில் இல்லை. அழுத்திவிட்டார். சேவை தொடங்கியது, வெள்ளிதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று அன்றே ஒரு குறுஞ்செய்தி வந்ததையும் விளம்பரமென்று அழித்திருந்தார்.

தன் கைப்பேசியின் பாட்டைத் தான் கேட்க முடியாது. அழைப்பவர் காதில்தான் அது ஒலிக்கும். ஆகவே அன்று அந்தி மயங்கும் வேளையில், ஸ்ரீவராகம் தெருவின் ஓடுகளிலிருந்து மழைநீர் சரம்சரமாக இறங்கிக்கொண்டிருக்க, மனைவி விஜயத்தின் போனை எடுத்துத் தம் எண்ணையே அழைத்தார்.

துதி இனிமையாகத்தான் தொடங்கியது. அதன் அடியில், பட்டாடைக்குள் ஊரும் பூச்சிபோல், வேறு ஓசைகள் அசைந்தன. ஓட்டில் விழும் மழை, எண்ணெய் காணாத கிணற்று ராட்டினத்தின் கீச்சு, தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் கொல்லைக் கதவின் தாழ். எல்லாம் இந்த வீட்டின் ஓசைகள். வலக்காலைச் சற்றே இழுத்து வைக்கும் நடை ஒன்று சமையலறையை நோக்கிச் சென்றது. அடுத்தடுத்து இரண்டு முறை இருமியது. அந்த நடையும் இருமலும் இளவயது முதல் பட்டாபியோடிருப்பவை.

"ஏன்னா, காப்பி கலக்கட்டுமா?" என்றது விஜயத்தின் குரல்.

பதிலாக வெட்டு விழுந்தது. உலர்ந்த ஓசை. அடுத்தது ஈரமாக. அதற்கடுத்தது ஈரத்துக்குள்ளே எலும்பில் பட்டு நின்றது. ஆயுதத்தைத் திருகி இழுக்கும் முனகல் கேட்டது. பாத்திரங்கள் உருண்டன. துதி மட்டும் தாளம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

"யாரைக் கூப்பிடறேள்?" என்றபடி விஜயம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தாள். தலை, கழுத்து, தோள், எல்லாம் முழுதாக. தவறான எண் என்று சொல்லிவிட்டு அவர் முகம் திருப்பிக்கொண்டார். பொறியில் சிக்கிய எலியைக்கூடக் கரமனையாற்றங்கரைவரை சுமந்து சென்று விட்டுவருகிற மனிதர் அவர். முப்பதாண்டு இல்வாழ்க்கையில் அவளை அதட்டிப் பேசியதில்லை.

அன்றே செயலியை நீக்கினார். திரையில் அதன் சின்னம் நடுங்கி மறைந்தபோது, ஒரு முள்ளைப் பிடுங்கி எறிந்த நிம்மதி வந்தது.

வெள்ளிக்கிழமை புதுப்பிக்கப்பட்டது என்ற செய்தி வந்தது.

பாட்டு நீண்டிருந்தது. இப்போது வெட்டுகளுக்குப் பின் ஓர் உடலைத் தரையில் இழுக்கும் ஓசை இருந்தது. கால்விரலின் மெட்டி கல்லிடுக்குகளில் தட்டித் தட்டிச் சென்றது. இழுப்பவன் அதே துதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். குளித்துவிட்டு வருகையில் பட்டாபி முணுமுணுப்பது போலவே, அவருக்குச் சுருதி விலகும் அதே இடத்தில் விலகி.

ஞாயிறு மாலை விஜயம் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பட்டாபி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கையில் தேங்காய் வெட்டும் கத்தி இருந்தது. அவள் கழுத்தில் ஒட்டிய ஈர மயிரை அவர் கண்கள் அளந்துகொண்டிருந்தன.

கத்தியை முற்றத்தில் வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடினார். மழையில் நின்றபடி மகள் ஜானவியை அழைத்தார். நகரின் மறுகோடியில், கழக்கூட்டம் என்ற இடத்தில் மென்பொருள்களைச் சோதிக்கும் வேலை அவளுக்கு. நெடுஞ்சாலையோரம் ஒரு வாடகைக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். கத்தியைப் பற்றி அவர் சொல்லவில்லை. பாட்டைப் பற்றி மட்டும் சொன்னார்.

அவளும் அதைக் கேட்டிருந்தாள். எவனோ செய்த விஷமம் என்றாள். "ஆப்பை அழிச்சா சந்தா போகாதுப்பா. அது உங்க நம்பர்ல கெடக்கும். இந்த ட்யூன் வேணும்னா ஸ்டார் அழுத்துங்கோன்னு நடுவுல ஒரு குரல் பறயறதில்லையா? நான் அழுத்திப் பார்க்கறேன். சர்வீஸோட பேரு மெசேஜா வரும். பேரு கெடச்சா நிறுத்தற வழியும் கெடச்சுடும். பேடிக்காதேங்கோ, பயப்பட ஒண்ணுமில்லை."

அவளுக்குத் தெரியாத நுட்பமா என்று அவர் அவளிடமே விட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளி விடியுமுன் அரிவாள்மனை, கடப்பாரை, வெட்டுகத்தி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஆற்றில் எறிந்தார். அந்தி நெருங்கியதும் பாத்திர அறைக்குள் புகுந்து, வெளியே பூட்டச் சொல்லிச் சாவியை விஜயத்திடமே கொடுத்தார். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"என்னைக் கண்டு பேடியா, உங்களைக் கண்டு பேடியா?"

அவர் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார். பூட்டு விழுந்தது.

அறையில் பழைய உருளிகளின் களிம்பு வாடையும் புளிப்பானையின் நெடியும் மண்டியிருந்தன. முற்றத்தைப் பார்த்த சிறு ஜன்னலின் கம்பிகள் வழியே சாம்பல்நிற வெளிச்சம் வெள்ளைச் சுவரில் விழுந்து மெல்ல மெல்ல வடிந்துகொண்டிருந்தது. மின்சாரம் போயிருந்தது. எங்கோ உருளியொன்றில் ஓட்டு ஒழுக்கு சொட்டிற்று. ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் வலக்கை விரல்கள் மடங்கி விரிந்தன. அவற்றை இடக்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஆழிவண்ணன் நாமங்களைச் சொல்லத் தொடங்கினார். ஒரு நாமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மெட்டி கல்லில் தட்டியது.

ஜானவியின் செய்தி வந்தது. சேவையின் பெயர், அனுப்பவேண்டிய சொற்கள், எண். கண்ணாடியை அணிந்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அனுப்பினார்.

'உங்கள் எண்ணில் சேவை நிறுத்தப்பட்டது.'

நம்பவில்லை. ஜன்னலருகே விஜயத்தைக் கூப்பிட்டுத் தம்மை அழைக்கச் சொன்னார். அவள் ஒலிபெருக்கியில் வைத்து அழைத்தாள். வெறும் மணியோசை. துதி இல்லை. இருமல் இல்லை. ஊரிலுள்ள எல்லோருடைய போனையும் போல, வெறும் மணியோசை.

பட்டாபி தரையில் அமர்ந்து அழுதார். விஜயம் இருக்கிறாள், கம்பிக்கு அப்பால் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறாள். விரல்கள் அடங்கியிருந்தன. கதவைத் திறக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, முதலில் ஜானவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று மகளின் எண்ணை அழுத்தினார்.

துதி தொடங்கியது.

ஸ்டார் அழுத்தியிருந்தாள். அவருடையதை நிறுத்தும் அவசரத்தில் தன் எண்ணில் தொற்றிக்கொண்டதை விட்டுவிட்டாள்.

துதியின் அடியில் இப்போது மழை இல்லை. நெடுஞ்சாலை லாரிகளின் உறுமல். லிப்ட் கதவு விலகும் ஓசை. வழவழப்பான தரையில் ஒரு நடை. வலக்கால் சற்றே இழுபட. இருமல். மீண்டும் இருமல்.

பாட்டு அறுந்தது. ஜானவி போனை எடுத்துவிட்டாள்.

"என்னப்பா இது, வாசல்ல நின்னுண்டே போன் பண்றேளா? கதவு ஓட்டை வழியா நன்னாத் தெரியறேளே. ஐயோ, தெப்பமா நனஞ்சிருக்கேள். இருங்கோ, திறக்கறேன்."

திறக்காதே என்று கத்த வாய் திறந்தார். இருமல்தான் வந்தது.

அங்கே தாழ் விலகியது.

வலக்கை உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை. வெறுங்கை. எதையோ பற்றியதுபோல் விரல்கள் இறுகியிருந்தன. இடக்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டது. உதற முடியவில்லை.

"அப்பா?"

கை இறங்கியது.

உலர்ந்த ஓசை. பிறகு மகளின் அலறல். கை உயர்ந்தது. இறங்கியது. ஈரமான ஓசை. தோள்வரை அதிர்ந்தது. எலும்பில் பட்டு நின்றது. மணிக்கட்டு தானே திருகி இழுத்தது. அலறல் குழறலாயிற்று. கை உயர்ந்தது.

ஜன்னல் கம்பிகளைப் பற்றிக்கொண்டு விஜயம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி அவள் காலடியில் கிடந்தது. பூட்டிய அறைக்குள் தனியே நின்று வெற்றுக் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார் அவள் கணவர். கண்களிலிருந்து நீர் வழிந்தது. உதடுகள் துதியை முணுமுணுத்தன. ஒவ்வொரு முறை கை இறங்கும்போதும், அவருக்கு முன்னிருந்த வெள்ளைச் சுவரில், சூடாக, சிவப்பாக, புதிதாக ஒரு கீற்று தெறித்து வழிந்தது.

கை உயர்ந்தது.