மெதுவான பகுதி

செவ்வாய்க் கிரகத்தின் காந்தள் குடியிருப்பில் கல்யாணத்துக்குப் போனால், பதிவில் ஓடும் நாதஸ்வரம் காதில் விழாது. கெட்டிமேளம் மட்டும்தான் விழும். பிறந்த குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் பதித்துவிடுகிற சலிப்பறிச் சில்லின் வேலை அது. எந்த இசைப்பதிவும் அந்தச் சில்லின் வழியாகவே உள்ளே போகும். மூளையில் சலிப்பு லேசாகத் தலைகாட்டினால் போதும், பதிவு அடுத்த விறுவிறுப்புக்குத் தாவிவிடும். முழுப்பாட்டு என்று ஒன்று இருப்பதே அங்கே பலருக்குத் தெரியாது.

வளவனின் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது. பகலில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் கிட்டார். அவனும் டிரம்ஸ் வாசிக்கும் ஜெசிந்தாவும் இன்னும் இருவருமாகச் சேர்ந்து காது கிழிகிற கனத்த கிட்டார் இசை செய்தார்கள். முதல் குடியேறிகளை மூடிய புழுதிப்புயலைப் பற்றி ஒரு பாட்டு. ஒற்றைத் தந்தி மெல்ல விசும்பும். பிறகு ஒரு மூச்சளவு மௌனம். அதன்மேல் எல்லாக் கிட்டார்களும் கூரை இடிந்தாற்போல் விழும். அந்த மௌனம் இல்லாவிட்டால் இடிக்குக் கனமே கிடையாது.

கேட்டவர்களோ விசும்பலையும் மௌனத்தையும் தாவி நேரே இடியில் போய் இறங்கினார்கள். எடுத்த எடுப்பிலேயே ஏன் இந்த இரைச்சல் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

வளவன் பாட்டைப் பிரித்துப் பிரித்துக் கோத்தான். இடியை முதலில் வைத்தால் கேட்பவர்கள் கடைசி இடிக்குத் தாவினார்கள். மெதுவான பகுதியைப் பாதியாக வெட்டினான், அதற்கடியில் டிரம்ஸை ஒளித்து வைத்தான், பல்லவியை முன்னால் இழுத்தான். ஒன்றும் பலிக்கவில்லை. ஆத்திரத்தில் மருத்துவமனைக்குப் போய்த் தன் சில்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒருநாள் ஒத்திகையில், மெதுவான பகுதியே வேண்டாம், முழுக்க இடியாகவே போட்டுவிடலாம் என்றான்.

"எல்லாமே இடின்னா எதுவுமே இடியில்ல, வளவா," என்றாள் ஜெசிந்தா.

யாருக்காக இந்தப் பொறுமையெல்லாம், கேட்க இங்கே ஒரு நாய் இருக்கிறதா என்று அவன் எரிந்து விழுந்தான். அவள் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து அவளே எழுதிய பாட்டு ஒன்று அவனுக்கு வந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் கேட்டுவிட்டு, கிட்டார் நுழைகிற இடம் பிரமாதம் என்று பதில் அனுப்பினான். அடுத்த ஒத்திகைக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அழைத்தபோது அவள் குரலுக்குப் பின்னால் விண்கலத்தின் உறுமல் கேட்டது. சனிக்கோளின் டைட்டன் நிலவுக் குடியிருப்பில் வேலை கிடைத்துப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஜெசி."

"பாட்டு கேட்டேன்னியே?"

"கேட்டேனே."

"மொதல்ல மெதுவா நான் பாடினேன்ல, அதுல என்ன சொன்னேன்?"

கிட்டார் எங்கே வருகிறது என்று பார்ப்பதற்காக அந்த இடத்தை அவன் விரலால் தள்ளிவிட்டிருந்தான்.

"போகப்போறேன்னு சொன்னேன். ஏன்னும் சொன்னேன். இருன்னு நீ சொன்னா இருந்துடுறேன்னும் சொன்னேன். உனக்குத்தான் சில்லே கிடையாதே, வளவா."

கலம் தொடர்பு எல்லையைத் தாண்டியதும் குரல் அறுந்தது.

வளவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவள் பாட்டை முதலிலிருந்து போட்டான். டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை. அவள் குரல் மட்டும், மெல்ல, அவன் பெயரைச் சொல்லித் தொடங்கியது. அவன் கண்கள் நிறைந்தன. இரண்டாவது வரி வருவதற்குள், இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி என்று பார்க்க அவன் விரல் தானாகத் திரைக்குப் போயிருந்தது.