கறுப்புப் படத்தில் இரண்டு புள்ளிகள்

தாயின் செத்த வீட்டில் பிரதீபன் சொன்ன பொய் மிகச் சின்னது. கமரா பழுது என்றான். வேலைக்குப் போன இடத்திலிருந்து நேரே கனகராயன்குளத்துக்கு ஓடியவன், புதுக் கமரா தோளில் தொங்கத் தொங்கத்தான் அதைச் சொன்னான். தாய் சிவலட்சுமியைத் தூக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடு என்று ஊர்ச்சனம் கேட்டது. அந்த முகத்துக்கு நேரே கமராவைத் தூக்க அவனுக்குக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஊர்ச்சனம் அவன் சொன்னதை நம்பிவிட்டது. அடுத்த கிழமை கமராவும் நம்பிவிட்டது போலிருக்கிறது.

செத்த வீட்டுத் துடக்கென்று கல்யாண வீடு, கோயில் எதற்கும் போகாமல் இருந்தவன், ஒரு பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு மட்டும் போய் வந்தான். கிளிநொச்சியில் தன் ஸ்ரூடியோவில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கையில், மேடையின் கறுப்புத் திரையில், இடது ஓரமாக, ஒரு வெள்ளைப் புள்ளி கிடந்தது. குறுணி அரிசி அளவுதான் இருக்கும். திரையில் ஓட்டை என்று நினைத்தான். அடுத்த படத்தில் திரை இல்லை, கதவு, கதவிலும் புள்ளி. அதற்கடுத்த படத்தில் கதவும் இல்லை. அதே இடத்தில், அங்கே ஒரு ஆள் நின்றால் முகம் வரக்கூடிய உயரத்தில், புள்ளி மட்டும் இருந்தது.

கமரா வாங்கிய வவுனியாக் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டான். கடைக்காரப் பெடியன் பதறவில்லை. கமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கிற புள்ளிகள் கோடிக் கணக்கில் அடுக்கிக் கிடக்கின்றன, அதில் ஒன்று கெட்டுப்போனால் வெளிச்சமே இல்லாவிட்டாலும் தன்பாட்டில் எரிந்துகொண்டு நிற்கும், புதுக் கமராவிலும் வரும் என்று விளக்கினான். லென்ஸை மூடி, இருட்டறையில் வைத்து, நெடுநேரம் திறந்து ஒரு படம் எடுக்கச் சொன்னான். முழுக் கறுப்பில் எது எரிகிறதோ அதுதான் கெட்டது. ஒன்றிரண்டு என்றால் கமராவே மறைத்துக்கொள்ளும், அதற்கு ஒரு வசதி இருக்கிறது. நிறைய என்றால் கொண்டு வரலாம், மாற்றித் தருவார்கள்.

“மறைக்கிறதெண்டா எப்பிடி?” என்று கேட்டான் பிரதீபன்.

“பக்கத்தில இருக்கிற நிறத்தை எடுத்து மேல பூசிவிடும் அண்ணை. அங்க ஒண்டு இருந்ததெண்டே ஆருக்கும் தெரியாது. ஒண்டு மட்டும், கெட்ட புள்ளி இடம் மாறாது. இடம் மாறினா அது கமராப் பிழை இல்லை.”

பிரதீபனுக்குக் காது இரண்டும் சுட்டது. பக்கத்து நிறத்தை எடுத்து மேலே பூசும் வேலை அவனுக்குப் பழக்கம்.

அந்தப் போனை வைத்து முடிப்பதற்குள் தங்கச்சி சுதர்சினி எடுத்துவிட்டாள். நாளைக்குக் கருமாதி. தாயோடு கடைசிவரை இருந்தவள் அவள்தான். சோறு, கறி, ஐயர், கதிரை என்று எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “அம்மாட படத்தைப் பெரிசாப் போட்டுக் கொண்டு வாங்கோ அண்ணா. மாலையும் வாங்கி வச்சிட்டன்.”

ஓம் என்றான். படம் இல்லை. சண்டையில் இடம்பெயர்ந்து ஓடியதில் பழைய அல்பம் போயிற்று. அடையாள அட்டையில் இருந்த முகம் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய்விட்டது. சுதர்சினியிடம் இருப்பது பட்டன் போன். ஊரெல்லாம் படம் பிடித்துத் திரிகிறவன் பெற்ற தாயை ஒரு படம் எடுக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? உண்மை அதைவிடக் கேவலம். ஒரு படம் இருந்தது.

மகள் தனுஷா பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியச் சடங்கு அன்று எடுத்த படம் அது. புதுக் கமராவில் அவன் எடுத்த முதல் வேலையும் அதுதான். சிவலட்சுமி விடியப்புறமே பஸ் ஏறி வந்துவிட்டார். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த காலத்தில் போட்டு வந்தவை. எல்லோரும் நகையை விற்றுச் சாப்பிட்ட நாளிலும், சதையோடு ஒட்டிப்போய்க் கழற்ற முடியாமல் தப்பியவை. கடைசியில் அவரோடு சேர்ந்தே எரிந்தவை. அந்த மூக்குத்தியும், வாய் திறந்தால் வருகிற மலைநாட்டுப் பேச்சும் போதும், ஊர் இளக்காரமாகப் பார்க்கிற தோட்டத்துச் சனம் என்று சொல்ல. மனைவி நிரோஜாவின் ஆட்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். தன் ஆட்கள் வவுனியாப் பக்கம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான் பிரதீபன். நிரோஜாவுக்கு எல்லாம் தெரியும். அவள் ஒருநாளும் எதையும் மறைக்கச் சொன்னதில்லை. யாருமே சொன்னதில்லை. அதுதான் அவனை இன்றைக்கும் தின்கிறது. யாரோ கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, அவனாகவே தாயைக் குசினிப் பக்கம் சமையலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். தனக்கும் ஒரு வேலை தந்தானே என்று அவர் சந்தோஷமாகப் போனார்.

ஒரே ஒரு தரம் வெளியே வந்தார். சேலை கட்டிய பேத்தியைப் பார்க்கும் ஆசையில், தூணோரமாக, படத்தின் இடது ஓரத்தில் வந்து நின்றார். பிரதீபனுக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வலது கை பட்டனில் இருக்கும். வேண்டாத ஆள் படத்துக்குள் வந்தால் இடது கை தானாக எழும்பி, கோழி கலைப்பதுபோலப் புறங்கையை இரண்டு தரம் விசிறும். அன்றைக்கும் விசிறியது. சிவலட்சுமி அதைப் பார்த்தார். பார்த்து, ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி கேட்டார். “படத்துல நான் விழுந்துட்டனா சாமி? புள்ளை படம் கெட்டுப்போச்சா?”

இல்லை என்றான். விழுந்துதான் இருந்தார். அன்றிரவே கணினியில் சுவரின் நிறத்தை எடுத்து முதலில் முகத்தில் பூசினான், பிறகு தலைமயிரில், பிறகு சேலையில். சுத்தமான வேலை. அதன் மேலேயே சேமித்தான், கமராவின் மெமரி அட்டையில் இருந்ததையும் அழித்தான். அல்பத்தைப் புரட்டிய நிரோஜா, மாமி ஒரு படத்திலும் இல்லையே என்று கேட்டபோது, அவா படத்துக்கு நிற்க மாட்டா என்று சொல்லிச் சமாளித்தான். அடுத்த மாதம் தொய்வு இழுத்து, மூச்சு முட்டி, சிவலட்சுமி எந்தப் படத்துக்கும் நிற்காமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது வெளியே மழை. பின்னேரம்தான், ஆனாலும் கரண்ட் நின்றுபோய்க் கடைத்தெரு இருண்டு கிடந்தது. நாளைக்கு என்ன சொல்வது என்று யோசிக்கப் பயந்தே பிரதீபன் கமராவைச் சோதிக்கத் தொடங்கினான். ஸ்ரூடியோவின் உள்ளறைக்கு யன்னல் இல்லை. கமராவை ஸ்ராண்டில் ஏற்றி, லென்ஸை மூடி, மூடி இறுகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கதவையும் சாத்தினான். கதவு அவனுக்கு இடது பக்கம். நனைந்த சுவரின் மணமும், பழைய திரைச்சீலைகளின் தூசு மணமும், கூரையில் மழை விழுந்து பீலி வழியாக இறங்குகிற சத்தமும் தவிர அந்த அறையில் வேறு ஒன்றும் இருக்கவில்லை. பட்டனை அழுத்தினான். கமரா திறந்தது. காத்திருந்தான். மூடியது.

கறுப்பு. இடது ஓரத்தில் ஒரு புள்ளி.

ஒன்றுதான் என்று ஆறுதல் வந்தது. எதற்கும் இன்னொன்று எடுத்துப் பார்ப்போம் என்று, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டி மறுபடி அழுத்தினான். காத்திருக்கையில் பீலிச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கிடப்பதுபோலத் தோன்றியது. இழுத்து, நின்று, விடுகிற சத்தம். ஓட்டை வழியாகக் காற்று வருகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது படத்தில் புள்ளிகள் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், ஒரே மட்டத்தில். அதோடு அவை ஓரத்தில் இல்லை. சற்று உள்ளே வந்திருந்தன.

கெட்ட புள்ளி இடம் மாறாது என்று பெடியன் சொன்னது ஞாபகம் வந்தது. பிரதீபன் மூடியைத் தொட்டுப் பார்த்தான். மூடி அப்படியே இருந்தது. கதவை நோக்கி ஒரு அடி வைத்தான், திரும்பி வந்தான். இரண்டு புள்ளிகளையும் பெரிதாக்கினான். நடுவில் இருந்த இடைவெளி ஒரு மூக்கின் அகலம்.

கமராவிலேயே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. கூட்டினான். கறுப்பு மெல்லச் சாம்பலாகியது. சாம்பலுக்குள் ஒரு தூண் தெரிந்தது. தூணுக்கு அப்பால் மண்டபத்துத் திரைச்சீலை, அலங்காரக் கதிரை, கதிரையில் மகளின் உருவம். அவன் பூசிய சுவரின் முன்னால், அவன் பூசிய இடத்திலேயே, ஒரு பெண் நின்றாள். தோள் தெரிந்தது. நடு வகிடு தெரிந்தது. முகம் மட்டும் இன்னும் புழுதி படிந்ததுபோல மங்கலாக இருந்தது, மூக்குத்தி இரண்டைத் தவிர.

ஓடியிருக்க வேண்டும். அவன் ஓடவில்லை. பயத்துக்குள்ளிருந்து ஒரு பேராசை எழும்பியது. இன்னும் கொஞ்சம் கூட நேரம் திறந்து வைத்தால் முகம் வந்துவிடும். நாளைக்குப் படம் இருக்கும். சுதர்சினி மாலை போடுவாள். அழித்தது யாருக்கும் தெரியாமலே திரும்பி வந்துவிடும். அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுத்தினான்.

“அம்மா, அசையாம நில்லுங்கோ” என்று சொன்னான். தன் குரல் தனக்கே கேட்டதும் கண்ணீர் வந்துவிட்டது.

கமரா திறந்தே இருந்தது. இருட்டு. மழை குறைந்திருந்தது. அந்த இழுப்புச் சத்தம் குறையவில்லை. இழுத்தது. நின்றது. விட்டது. தொய்வுக்காரரின் நெஞ்சுச் சத்தம் அது, சின்ன வயதில் அவன் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம். கமராவுக்கு முன்னாலிருந்துதான் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். முகம் வரட்டும். முகம் வந்தால் போதும்.

கமரா மூடியது.

கண்ணைத் திறந்தபோது தன் இடது கை தூக்கியபடி இருப்பது தெரிந்தது. புறங்கை முன்னால். மணிக்கட்டு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இருட்டில், தானாக. எத்தனை தரம் விசிறியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

படத்தைப் பார்த்தான். வெளிச்சத்தைக் கூட்டத் தேவையே இருக்கவில்லை. தூண். சுவர். கதிரையில் மகள். இடது ஓரத்தில் யாரும் இல்லை. ஒரு புள்ளியும் இல்லை. கமராவில் ஒரு பழுதும் இல்லை.

ஒதுங்கிவிட்டார்.

இந்தத் தொழிலில் ஆயிரம் பேரை அவன் கையால் விலக்கியிருக்கிறான். படத்தை விட்டு விலகுகிறவர்கள் எங்கே போவார்கள் என்று அவனுக்குத் தெரியும். தூரம் போவதில்லை. படத்தில் விழாமல் இருக்க, படம் எடுக்கிறவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

இழுப்புச் சத்தம் முன்னாலிருந்து வரவில்லை.

குசினிப் புகை மணத்தது. தைலம் மணத்தது. இடது கன்னத்தில் மூச்சுப் பட்டது.

“நான் ஒதுங்கிட்டேன் சாமி. நீ எடு.”

ஸ்ராண்டில் கமராவை இடது பக்கம் திருப்பினால் போதும். நாளைக்கு வேண்டிய முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தலையைத் திருப்பினாலே போதும். திருப்ப முடியவில்லை. பயம் இருந்தது, ஆனால் கழுத்தைப் பிடித்தது பயம் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க அவனுக்கு முகம் இல்லை.

தூக்கியபடி நின்ற இடது கையை ஈரமான விரல்கள் தொட்டன. மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டன.

படத்தைப் பார்க்கக் குனிவதுபோல, கமராத் திரையின் வெளிச்சத்தில், அவன் கன்னத்தோடு கன்னமாக இரண்டு புள்ளிகள் வந்து நின்றன.

“படத்துல நான் விழலையே?”

இல்லையம்மா என்று சொல்ல வாய் திறந்தான். கொஞ்ச நேரத்தில் கமராத் திரை தானாக அணைந்தது. புள்ளிகள் இரண்டும் எரிந்துகொண்டே நின்றன, அவன் பதிலுக்காக.